‘அங்க என்னை மதிக்கிறாங்க’ என்கிறான் தம்பி

கேள்வி: எனக்கு 27 வயது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். அப்பா ஆட்டோ ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அம்மா நாலு வீட்டில் வேலை செய்கிறார். பெரிய தம்பிக்கு 17 வயது 7 மாதம். பத்தாவது பாஸ், பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டான். ஏரியாவில் ஓர் ‘அண்ணன்’, அவர் கூட எப்போதும் பத்துப் பதினைந்து பசங்க. அவர்களோடு சேர்ந்துவிட்டான். கையில் புதுப் போன், ஓட்ட யாருடையதோ பைக். போன மாதம் பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டிருந்தான். நாலு நாளைக்கு முன் முழங்கைக்குக் கீழே வெட்டோடு வந்தான். கண்ணாடி கிழித்தது என்கிறான். சின்ன வயதில் தெருநாய்க்குப் பால் வைப்பவன் அவன். “அங்க உனக்கு என்னடா இருக்கு?” என்று கேட்டேன். “அங்க என்னை மதிக்கிறாங்க” என்றான். தெரிந்த போலீஸ்காரரிடம் சொல்லி நாலு தட்டு தட்டச் சொல்லலாம் என்கிறார் மாமா. திண்டிவனம் பக்கம் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் அம்மா. அவனுக்கு மனநோய் ஏதாவது இருக்குமா? 12 வயதுச் சின்னவனும் இப்போது அவனைப் போலவே முடி வெட்டிக்கொள்கிறான். என்ன செய்வது?

பெயர் வேண்டாம், வடசென்னை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் காயத்தைப் பார்த்துவிடுவோம். நாலு நாள் ஆகியிருந்தாலும் டி.டி. ஊசி போட வேண்டும். விரல்களை முழுசாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு விரல் மடங்கவில்லை, அல்லது மரத்துப்போயிருக்கிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். அன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வெட்டுக்காயம் என்றால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதற்குப் பயந்துதான் பல பசங்க மருந்துக்கடைக் களிம்போடு நிறுத்திக்கொண்டு கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். போகிற வழியில் “யார் வெட்டினது?” என்று குடையாதீர்கள். நீங்கள் கேட்காமல் கூட வந்தீர்கள் என்பது அவன் மனதில் நிற்கும். பின்னால் உங்களுக்கு அது தேவைப்படும்.

இப்போது அவன் சொன்ன பதிலுக்கு வருகிறேன். வீட்டில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல் அதுதான். கடந்த இரண்டு வருஷத்தை ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பாருங்கள்: அப்பா இறந்தது, அவன் பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்தது, படிப்பு நின்றது, பகலில் தூங்க ஆரம்பித்தது, அந்தப் பசங்க கூடும் தெருமுக்குக்குப் போக ஆரம்பித்தது. அநேகமாக இதே வரிசையில்தான் வரும். கூட்டத்தில் சேர்ந்ததால் படிப்பு போனது என்று குடும்பங்கள் நினைக்கின்றன. பெரும்பாலும் பள்ளிதான் முதலில் கைநழுவுகிறது. காலியான அந்தப் பகல் பொழுதைக் கூட்டம் வந்து நிரப்புகிறது. அப்பாவை இழந்த பதினைந்து வயதுப் பையன் அழ மாட்டான். எரிந்து விழுவான், வீட்டில் தங்க மாட்டான். துக்கத்தை எல்லாரும் திமிர் என்று படித்துவிட்டதில் இரண்டு வருஷம் போயிருக்கலாம்.

பள்ளியில் அவன் பெயில் ஆகப்போகிறவன். வீட்டில், யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், தண்டச்சோறு. அந்த முக்கில் அவன் போனதும் “வாடா” என்று பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. “சாப்ட்டியா?” என்று கேட்கிறார்கள். பைக் சாவியைத் தூக்கிப் போட்டு “போய் டீ வாங்கிட்டு வா” என்கிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று போன் வருகிறது. ஒரு பையனுக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது: அவனுக்கென்று ஓர் இடம், ஒரு பேர், நம்பி ஒப்படைத்த ஒரு வேலை, காத்திருக்கும் ஆட்கள். வீடும் பள்ளியும் இதைக் கொடுக்க வருஷக்கணக்காகும். கூட்டம் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுகிறது. அவன் போனது கத்திக்காக இல்லை. கத்தி பின்னால் வந்தது.

நல்ல பையன் எப்படி இவ்வளவு துணிந்தான் என்ற உங்கள் திகைப்புக்கும் விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் கார்டனரும் ஸ்டைன்பெர்கும் 2005-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னல் மாறப்போகும்போது நிறுத்துவதா, துணிந்து போவதா என்பதுதான் ஆட்டம். தனியாக விளையாடியபோது 13 முதல் 16 வயதுப் பையன்களும் பெரியவர்களும் எடுத்த ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது சிறுவர்கள் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. இந்த வயதில் மூளையில் சந்தோஷத்தையும் பாராட்டையும் தேடும் பகுதி முழு வேகத்தில் ஓடுகிறது. நிதானிக்க வைக்கும் முன்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆக, வீட்டில் உங்களோடு இருக்கும் தம்பியும் பத்துப் பேர் நடுவே இருக்கும் தம்பியும் ஒரே ஆள் மாதிரி முடிவெடுக்க மாட்டார்கள். பட்டாக்கத்தி ரீல்ஸில் அந்தப் பத்துப் பேர் ஆயிரம் பேராகிறார்கள், அவ்வளவுதான்.

கூட்டம் என்று ஒன்று அமைந்துவிட்டால், எதற்காக அமைந்தது என்பது முக்கியமே இல்லை. 1970-களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை எந்த ஓவியம் பிடிக்கிறது என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, முகம் தெரியாத தன் குழுக்காரனுக்கே பையன்கள் அதிகம் கொடுத்தார்கள். சென்னைவாசிகளுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பஸ் ரூட் நம்பருக்காக, ‘ரூட்டு தல’ பட்டத்துக்காகக் கல்லூரிப் பையன்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட ஊர் இது. எதிரி இருந்தால்தான் கூட்டம் இறுகும் என்பதை உங்கள் ஏரியா அண்ணன் எந்தப் புத்தகமும் படிக்காமலே தெரிந்துவைத்திருப்பார்.

உள்ளே இழுக்கப்படுவது படிப்படியாக நடக்கும். டீ, ரீசார்ஜ், பெட்ரோல் எல்லாம் சும்மா வரும். அடுத்து, “இந்தக் கவரை அங்க குடுத்துட்டு வா.” அடுத்து, “நீ பேச வேண்டாம், சும்மா பின்னாடி நில்லு.” கட்டப் பஞ்சாயத்துக்கும் வட்டி வசூலுக்கும் பின்னால் நிற்கத் தலைகள் தேவை. அதற்குப் பிறகு ஒரு பையை இரண்டு நாள் வீட்டில் வைத்திருக்கச் சொல்வார்கள்; உள்ளே இருப்பது கஞ்சாவாக இருக்கலாம், கத்தியாக இருக்கலாம். பிறகு, ஓர் ஆள் எத்தனை மணிக்குக் கடையைச் சாத்துகிறான் என்று பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைவிடக் கொஞ்சம்தான் உயரம். எங்கேயும் “இனிமேல் நீ ரவுடி” என்று யாரும் சொல்வதில்லை. செய்துவிட்ட காரியத்துக்கு மனசு பின்னாலேயே நியாயம் தேடிக்கொள்ளும்: “அவன் மட்டும் யோக்கியமா?” “அண்ணன் ஏழைங்களுக்குத்தான் செய்றாரு.” நீங்கள் அண்ணனைத் திட்டும்போதெல்லாம் அவன் அவரை ஆதரித்து வாதாடுகிறான் இல்லையா? வாதாட வாதாட அந்த நம்பிக்கை கெட்டிப்படுகிறது. உங்கள் வசை அண்ணனுக்குத்தான் ஆதாயம்.

பதினெட்டு ஆகாத பையன் ஏன் அவர்களுக்கு இத்தனை செல்லம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி சிறுவனை லாக்கப்பில் வைக்க முடியாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், ஜாமீன் எளிது. குழந்தையைக் காக்க வந்த சட்டத்தைக் கூட்டம் தனக்குக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறது. “உனக்கு ஒண்ணும் ஆகாதுடா, கெல்லிஸ்ல நாலு நாள் இருந்துட்டு வந்துடலாம்” என்பது வழக்கமான வசனம். கெல்லிஸ் என்பது அங்கே இருக்கும் சிறுவர் கூர்நோக்கு இல்லம். இதில் பாதிதான் உண்மை. 16 வயதைத் தாண்டியவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் இருந்தால், குழுமம் அவன் மனநிலையையும் சூழலையும் மதிப்பிட்டு, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்ப முடியும். இன்னும் ஐந்து மாதத்தில் அவனுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு நடப்பதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது. தொடர்ந்து வழக்குகள் விழுந்தால் குண்டர் சட்டத்தில் ஒரு வருஷம்வரை உள்ளே வைக்கலாம். “நான் சும்மா நின்னேன்” என்பதும் எடுபடாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி ஒருவன் வெட்டினால், கூட நின்ற எல்லாருமே குற்றவாளிகள் என்பது பாரதிய நியாய சம்ஹிதாவின் 190-வது பிரிவு. இதைப் பயமுறுத்தும் குரலில் சொல்லாமல், அவனுக்குத் தெரியாத ஒரு தகவலாகச் சொல்லுங்கள். சொல்பவர் வக்கீலாக இருந்தால் இன்னும் நல்லது. 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

சட்டத்தின் மறுபக்கமும் உண்டு. சிறுவர்களைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு அதே 2015 சட்டத்தின் 83-வது பிரிவில் ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஐந்து லட்ச ரூபாய் அபராதம். ஆனால் இதைக் காட்டி நீங்கள் நேரே போய் அண்ணனிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர் வெளியே போய் வருகிறீர்கள்.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 1988-இல் தொடங்கி ஆயிரம் சிறுவர்களை வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர் தார்ன்பெரியின் குழுவினர் கண்டது இது: கூட்டத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷமோ அதற்கும் குறைவாகவோதான் அதில் இருந்தார்கள். உள்ளே இருந்தபோது குற்றங்கள் கூடின, வெளியே வந்ததும் குறைந்தன. பிறவிக் குணம் என்றால் கூட்டத்தை விட்ட பிறகும் அது தொடர்ந்திருக்க வேண்டுமே. அந்த ஊர்க் கூட்டமும் நம்மூர் அண்ணன்–பசங்க அமைப்பும் ஒன்றல்ல. இங்கே மாமூல், காலி மனை, வட்டி, தேர்தல் வேலை என்று பணம் இன்னும் நேரடியாகப் புழங்குகிறது. ஆனாலும் சலிப்பு, பயம், அடி வாங்கிய அனுபவம், ஒரு வேலை, ஒரு காதல் இவைதான் இங்கேயும் பையன்களை வெளியே கொண்டுவருகின்றன. “உள்ள போனா வெளிய வர முடியாது” என்பது பெரும்பாலும் கூட்டம் தானே கட்டிவிடும் கதை. அடிமட்டப் பசங்க தகராறு இல்லாமல் மெதுவாக விலகிப்போவதுதான் வழக்கம்.

ஆகவே அவனை இன்றைக்கே பிடுங்கி எடுக்கும் வேலையில் இறங்காதீர்கள். அவனாகச் சலித்துத் திரும்பும் நாளில் வழி அடைபட்டிருக்கக் கூடாது. உங்கள் பாடு அதைப் பார்த்துக்கொள்வதுதான். வழியை அடைப்பவை ஐந்து: வழக்கு, கடன், எதிரி, போதை, இணையத்தில் நிற்கும் வீடியோ. உங்கள் தம்பி விஷயத்தில் எதிரியும் கடனும் வீடியோவும் இப்போதே எட்டிப் பார்க்கின்றன.

வீடியோவில் இருந்து ஆரம்பிக்கலாம். வழக்கு எதுவும் இல்லாதவரை அதை நீக்கச் சொல்லுங்கள். போலீஸ் மட்டுமல்ல, எதிர்க்கோஷ்டியும் ரீல்ஸ் பார்த்துத்தான் ஆளை அடையாளம் குறிக்கிறது. வழக்குப் பதிவாகிவிட்டால் அதற்குப் பிறகு போனில் எதையும் அழிக்கக் கூடாது. அது சாட்சியத்தை அழித்த குற்றமாகும். வக்கீலைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

போனும் பைக்கும் கடன்தான், இப்போதைக்குக் கேட்காமல் இருக்கும் கடன். பைக் யாருடையது, ஆர்.சி. யார் பேரில் என்று தெரியாமல் உங்கள் வாசலில் இரவு நிற்கக் கூடாது. திருட்டு வண்டியாக இருந்தால் முதல் வழக்கு அதில்தான் வரும். போனுக்குத் தொகை கேட்டு, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ வீட்டில் இருந்தே அடைத்து, “கணக்குத் தீர்ந்தது” என்று ஏரியாவில் எல்லாரும் மதிக்கும் ஒரு பெரியவர் மூலம் முடியுங்கள். தம்பியைத் தனியாகப் பணத்தோடு அனுப்பாதீர்கள். கேட்கிற தொகை ஏறிக்கொண்டே போனால் அது கடன் இல்லை, மிரட்டல். அங்கே நிறுத்திவிட்டுச் சட்ட உதவிக்குப் போங்கள்.

எதிரி பற்றி: அந்த வெட்டு கண்ணாடி இல்லை என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பதிலடிகள் கண்ட நாளில் நடப்பதில்லை. அண்ணன் பிறந்தநாள், செத்துப்போன கூட்டாளியின் நினைவு நாள், சவ ஊர்வலம், கோயில் திருவிழா, கோர்ட்டு வாய்தா — இந்த நாள்களில்தான் ஆள் சேரும், சரக்கு ஓடும், பழைய பேச்சு கிளம்பும். போலீஸ் வளைப்பதும் இப்படிப்பட்ட நாளில்தான். 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விருந்தைச் சுற்றி வளைத்து ஒரே இரவில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். கேக் சாப்பிடப் போனவனும் அந்தக் கணக்கில் வருவான். ஏரியாவில் ஒட்டும் போஸ்டரும் கண்ணீர் அஞ்சலி பேனரும் இந்தத் தேதிகளை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அந்த நாள்களில் அவனுக்கு வெளியூரில் ஒரு வேலை வையுங்கள்: அத்தை வீட்டுக்கு அரிசி கொண்டுபோவது, உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வருவது, எதுவானாலும் சரி. பொய்க் காரணமானாலும் பரவாயில்லை. “அக்கா தொல்லை தாங்கலை, வர முடியாது” என்று சொல்ல அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். பயந்துவிட்டான் என்ற பேர் வராமல் ஒதுங்க இதுதான் வழி. வில்லி வேஷத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்காகச் சேர்ந்தேன் என்று நிறையப் பசங்க சொல்வார்கள். தனியாகப் போகிறவனை ஏரியாப் பசங்க மடக்குவது நிஜம்தான். ஆனால் சேர்ந்தவர்கள் வெளியில் இருப்பவர்களைவிட அதிகம் அடிபடுகிறார்கள் என்பதுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. கூட்டத்தின் எல்லாப் பகையும் அவன் தலையில் வந்து சேர்கிறது. இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டான். அவன் கைக்காயம் சொல்கிறது, அதுவே போதும்.

மாமாவின் யோசனை வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 1970-களில் பையன்களைச் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டங்கள் பிரபலமாயின. பிறகு அவற்றைச் சோதித்துப் பார்த்தபோது, போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகத் தப்பு செய்திருந்தார்கள். நம்மூரில் ஸ்டேஷனில் அடி வாங்குவது கூட்டத்துக்குள் ஒரு பட்டம். முந்தாநாள் வரை டீ வாங்கியவன் மறுநாள் “உள்ள போயிட்டு வந்தவன்” ஆகிவிடுவான். உடலும் மனசும் கெடுவது தனி. அதோடு அவன் பேரும் முகமும் ஸ்டேஷனில் பதிந்துவிடும். ஏரியாவில் எது நடந்தாலும் முதலில் அவனைத் தேடி வருவார்கள். போலீஸ் தேவைப்பட்டால் முறையான வாசல் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தை நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரைப் பாருங்கள், அல்லது 1098-ஐ அழைத்துக் குழந்தைகள் நலக் குழு வழியாகப் போங்கள். சுரண்டப்படும் சிறுவன், பாதுகாப்புத் தேவைப்படுபவன் என்றே அவனைக் காட்டிப் பேசுங்கள்.

சித்தப்பா வீடு சரிவரலாம், சொதப்பவும் செய்யலாம். தண்டனை மாதிரி மூட்டை கட்டி அனுப்பினால் பத்தாம் நாள் பஸ் ஏறி வந்துவிடுவான். வந்த அன்று அவனுக்கு ஹீரோ வரவேற்பு. அங்கே செய்வதற்குக் குறிப்பான ஒரு வேலை, அவனாகச் சொல்லும் சம்மதம், குறைந்தது ஆறு மாதம், நடுவில் ஆடித் திருவிழாவுக்குக்கூட ஏரியாப் பக்கம் வராமை — இவை சேர்ந்தால் அனுப்பலாம். வழக்கில் பேர் இருந்தால் அனுப்பாதீர்கள், தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள். நேரடியாக உயிர் மிரட்டல் என்று தெரிந்தால் மட்டும் எதையும் யோசிக்காமல் அன்றிரவே அனுப்பிவிட்டு, மறுநாள் காலை வக்கீலைப் பாருங்கள்.

அவனிடம் பேசுவது எப்படி? இரவு பதினொரு மணிக்கு அவன் வந்ததும் வாசலில் வைத்துப் பேசுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அதைவிட மோசமான நேரம் கிடையாது. நேருக்கு நேர் உட்காராமல் பக்கவாட்டில், பஸ்ஸிலோ நடந்துகொண்டோ, அம்மா இல்லாதபோது பேசுங்கள். முதல் கேள்வி, “அங்க உனக்கு எது பிடிச்சிருக்கு?” அவன் சொல்வதை மறுக்காமல் கேளுங்கள். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, “எது பிடிக்கலை?” இந்த இரண்டாவது கேள்விக்கு அவன் வாயாலேயே ஒரு வாக்கியம் வந்துவிட்டால், நீங்கள் சொல்லும் நூறு புத்திமதிக்குச் சமம். வந்ததும் பாய்ந்து பிடித்துக்கொள்ளாதீர்கள். “ம்” என்று விட்டுவிடுங்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவது, “உங்கப்பா இருந்திருந்தா நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு” என்பது, சாப்பாடு போடாமல் இருப்பது மூன்றும் கூடாது. சத்தியத்தை மீறிய அன்று அவன் வீட்டு வாசலுக்கே வர வெட்கப்படுவான். வெட்கப்பட்டவனுக்கு இடம் கொடுக்க முக்கு இருக்கிறது.

கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றே மூன்று போதும்: வீட்டுக்குள் யாருடைய பையும் பொருளும் வரக் கூடாது, யாரையும் இரவு தங்க வைக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல் ஆகும் என்றால் எங்கே என்று ஒரு மெசேஜ். முதல் விதியில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தப் பை பிடிபட்டால் வழக்கு அம்மா மேலும் வரும்.

முக்கு கொடுப்பதை வேறு எங்கே கொடுப்பது என்பதுதான் கஷ்டமான பகுதி. பத்தாவது பாஸ் என்பது உங்கள் கையில் இருக்கும் நல்ல சீட்டு. கிண்டி, அம்பத்தூர், வடசென்னை அரசு ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் பிரிவுகளுக்கு அது போதும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவதில் இருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ஆயிரம் ரூபாய்க்கு அவன் தகுதியா என்று அட்மிஷன் போடும்போதே கேளுங்கள். ஏரியாவை விட்டுக் காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பும் இடமாகப் பாருங்கள். நேரமும் தூரமும் பாதி வேலையைச் செய்துவிடும். அட்மிஷன் வரும்வரை ஏ.சி. சர்வீஸ் கடையிலோ லேத் பட்டறையிலோ விடலாம். ஆனால் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு மாதத்தில் ஸ்பானரைக் கையில் கொடுத்து “நீ பிரி” என்று சொல்லும் முதலாளியாக இருக்க வேண்டும். கூட்டிப் பெருக்கவும் டீ வாங்கவும் மட்டும் வைத்திருந்தால் இரண்டாவது வாரம் நின்றுவிடுவான். டீ வாங்கினால்கூட மரியாதை கிடைக்கும் இடம் அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. குத்துச்சண்டையும் நல்லதுதான், நல்ல மாஸ்டர் வேண்டும். அந்தக் கூட்டத்துப் பசங்களே நாலு பேர் வரும் ஜிம் என்றால் வேண்டாம். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் கூட்டங்களுக்கென்றே தனி நிகழ்ச்சிகள் நடத்தியபோது கூட்டம் இன்னும் இறுகியதை மால்கம் க்ளைன் பதிவு செய்திருக்கிறார்.

மனநோயா என்று கேட்டிருந்தீர்கள். கூட்டத்தில் சேர்வது நோய் இல்லை. அதன் அடியில் சில கோளாறுகள் ஒளிந்திருப்பதுண்டு: தீராத துக்கம், மனச்சோர்வு, கவனக்குறைபாடு, படிப்பை நிறுத்த வைத்த கற்றல் குறைபாடு. வெட்டுக்குப் பிறகு தூக்கத்தில் திடுக்கிடுகிறானா, பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளுகிறானா, எப்போதும் கதவைப் பார்த்தே உட்காருகிறானா என்று கவனியுங்கள். அது அதிர்ச்சியின் பின்விளைவாக இருக்கலாம். கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கி, பகலில் தள்ளாடி, கையில் ஊசித் தழும்பு தெரிந்தால் வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றுகிறான் என்று சந்தேகப்படலாம், அது அவசரம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். அந்தப் பேரைக் கேட்டாலே வர மாட்டான் என்றால் 14416-ஐ அழைத்து முதலில் நீங்கள் பேசுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். “தூக்கம் வரலைன்னு சொன்னியே, அதுக்குப் பாக்கலாம்” என்று கூட்டிப்போவது எளிது.

சின்னவனைப் பற்றி ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதிகக் கவலை அவன் மேல்தான். பெரியவன் கூட்டத்தில் இருப்பதே சின்னவனுக்கு ஒரு பாதை போட்டுவிடுகிறது. முடியை வெட்டச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். “உங்கண்ணன் மாதிரி ஆயிடாதே” என்ற பேச்சும் வேண்டாம்; அவனுக்கு அண்ணன்தான் ஹீரோ, அந்த வார்த்தை அவனை உங்களிடம் இருந்துதான் பிரிக்கும். பள்ளி விட்டு அம்மா வரும்வரை உள்ள நாலு மணியில் இருந்து ஏழு மணி வரை அவன் எங்கே இருக்கிறான் என்று இந்த வாரம் கணக்கெடுங்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு வியாசர்பாடியில் கால்பந்து இருக்கிறது, வண்ணாரப்பேட்டையில் கேரம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்றதும் இந்தப் பக்கத்து கேரம் பலகையில் பழகித்தான். பெரியவனையே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தம்பி விஷயத்தில் அவனுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள்: தினமும் அவனைக் கொண்டு விடுவது, ஏழு மணிக்கு அழைத்து வருவது. ஏழு மணி என்பது முக்கில் கூட்டம் கூடும் நேரமும்கூட.